போட்டி ஆணையமா, பேட்டண்ட் அலுவலகமா? குமரி மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

2023 ஜூலை 13 அன்று டெல்லி உயர் நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்ச் (இரு நீதிபதிகள் அமர்வு), தொலைத்தொடர்புக் கம்பெனி எரிக்சன், விதைக் கம்பெனி மான்சாண்டோ வழக்குகளில் ஒரே தீர்ப்பாகச் சொன்னது இது: காப்புரிமை வைத்திருப்பவர் உரிமம் கொடுப்பதில் அடாவடி செய்கிறார் என்ற புகாரை விசாரிக்க வேண்டிய இடம் காப்புரிமைச் சட்டத்தின் 16-ஆம் அத்தியாயம், இந்தியப் போட்டி ஆணையம் (சிசிஐ) அதற்குள் வர முடியாது. இதையொட்டி குமரி மாவட்டத்துத் தொழில்காரர்கள், கடைக்காரர்கள், வக்கீல்கள் அனுப்பிய கேள்விகளுக்குக் காப்புரிமை வழக்குகளைக் கையாளும் வழக்கறிஞர் பதில் தருகிறார்.

நாகர்கோவில், மொபைல் கடை: சார், எரிக்சன் கேஸ்ல சிசிஐ தோத்துட்டுன்னு சொல்லுதாங்க. எரிக்சன் போனே இப்ப கடையில கிடையாது. பிறகு எதுக்கு இவ்வளவு சண்டை? நாங்க விக்கிற போன் விலைக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: சம்பந்தம் உண்டு. எரிக்சன் பெயரில் கைபேசி இல்லாவிட்டாலும், கைபேசி டவரோடு பேசும் முறைகளில் அந்தக் கம்பெனிக்கு ஏராளமான காப்புரிமைகள் இருக்கின்றன. 2ஜி, 3ஜி போன்ற தரநிலைகளுக்குள்ளேயே அவை பொதிந்துள்ளன. அந்த முறையைத் தொடாமல் போன் செய்யவே முடியாது, சுற்றிப் போக மாற்று வழியும் கிடையாது. அதனால்தான் தரநிலை அமைப்பில் சேரும்போதே, 'நியாயமான விதிமுறையில், ஆளுக்கு ஆள் வேறுபாடு காட்டாமல் உரிமம் தருவேன்' என்று காப்புரிமைக்காரர் எழுதிக் கொடுக்கிறார். துறையில் இதை 'ஃபிராண்ட்' என்று சொல்வார்கள்.

2013 மார்ச்சில் எரிக்சன் மைக்ரோமேக்ஸ் மீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் காப்புரிமை மீறல் வழக்குப் போட்டது. பதிலுக்கு மைக்ரோமேக்ஸ் போட்டி ஆணையத்துக்குப் போனது. புகாரின் மையம், ராயல்டியை எதன்மேல் கணக்கிடுவது என்பதுதான். காப்புரிமை சம்பந்தப்பட்ட வேலை முழுவதும் ஒரு சிப்புக்குள் நடக்கிறது. ஆனால் கேட்டதோ முழு போன் விலையில் சதவீதம். 1.25 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8,000 ரூபாய் போனுக்கு 100 ரூபாய், 24,000 ரூபாய் போனுக்கு 300 ரூபாய். இரண்டிலும் உள்ளே இருப்பது ஒரே சிப்பாக இருக்கலாம். கேமராவும் திரையும் நன்றாக இருப்பதற்கு எரிக்சனுக்கு ஏன் கூடுதல் காசு என்பது கேள்வி. ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவதால் பக்கத்துக் கம்பெனி என்ன விகிதம் கொடுக்கிறது என்று தெரியாமல் போகிறது என்பது இன்னொரு புகார்.

2013 நவம்பரில் ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. இன்டெக்ஸ், ஐபால் கம்பெனிகளும் புகார் கொடுத்தன. 'ஆணையத்துக்கு அதிகாரமே இல்லை' என்று எரிக்சன் நீதிமன்றம் போனது. 2016 மார்ச் 30 அன்று நீதிபதி விபு பக்ரு, 'இரண்டு சட்டமும் சேர்ந்தே ஓடலாம், ஆணையம் விசாரிக்கலாம்' என்றார். நீதிபதிகள் நஜ்மி வஜிரி, விகாஸ் மகாஜன் அமர்வு 2023-இல் அதைத்தான் தலைகீழாக மாற்றியது.

ஆணையத்தின் கதவு அடைபட்டதால் ராயல்டிச் சண்டை நின்றுவிடவில்லை. அது முழுக்க சிவில் நீதிமன்றத்துக்கு இடம் மாறியிருக்கிறது. 2024 மார்ச்சில் லாவா கம்பெனி எரிக்சனுக்கு 244 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே வைத்த விகிதம் போனின் விற்பனை விலையில் 1.05 சதவீதம். அதாவது முழு போன் விலையை வைத்துக் கணக்கிடும் முறையை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. நீங்கள் விற்கும் போன் விலைக்குள் இந்தக் காசும் அடக்கம்.

குழித்துறை, வழக்கறிஞர்: போட்டிச் சட்டம் 60-ஆம் பிரிவு 'வேறு எந்தச் சட்டத்தில் என்ன இருந்தாலும்' என்று தொடங்குகிறது. மேலோங்கும் பிரிவு கையில் இருக்கும்போது ஆணையம் எப்படித் தோற்றது? ஏர்டெல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன வழியை இங்கேயும் வைத்திருக்கலாமே?

பதில்: 60-ஐ மட்டும் படித்தால் ஆணையம் ஜெயித்திருக்கும். 62-ஐயும் சேர்த்துப் படிக்க வேண்டும்: இந்தச் சட்டம் மற்றச் சட்டங்களுக்குக் கூடுதலாகவே, அவற்றைக் குறைப்பதற்காக அல்ல என்கிறது அது. இரண்டும் ஒரே சட்டத்துக்குள் இருப்பதால், எது சிறப்புச் சட்டம் என்ற கேள்விக்கு நீதிமன்றம் போக வேண்டியதாயிற்று.

பெஞ்ச் எடுத்த அளவுகோலைக் கவனியுங்கள். 'போட்டி விஷயத்தில் எது சிறப்புச் சட்டம்?' என்று கேட்டால் விடை போட்டிச் சட்டம். 'காப்புரிமைக்காரர் தன் உரிமையைப் பயன்படுத்தும் விஷயத்தில் எது சிறப்புச் சட்டம்?' என்று கேட்டால் விடை காப்புரிமைச் சட்டம். பெஞ்ச் இரண்டாவது கேள்வியைத்தான் கேட்டது. பிறகு 16-ஆம் அத்தியாயத்தைப் பிரித்துப் பார்த்தது. உரிமம் தர மறுத்தல், நியாயமில்லாத நிபந்தனை, விசாரணை நடைமுறை, நிவாரணம் என எல்லாமே 83 முதல் உள்ள பிரிவுகளில் இருக்கின்றன. அதனால் அதைத் தனக்குத்தானே முழுமையான சட்டத் தொகுப்பு என்று எடுத்துக்கொண்டது. போட்டிச் சட்டத்தின் 3(5) பிரிவே, காப்புரிமையைக் காக்க நியாயமான நிபந்தனை விதிப்பதைத் தொடக்கூடாது என்று விட்டுவைத்திருக்கிறது. நாடாளுமன்றத்தின் எண்ணம் அதிலேயே தெரிகிறது என்றும் பெஞ்ச் சொன்னது.

ஏர்டெல் வழக்கில் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வைத்தது வரிசை முறை: தொழில்நுட்பம் சார்ந்ததைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் முதலில் தீர்மானிக்கட்டும், அதன்பின் ஆணையம் வரலாம். டிவிஷன் பெஞ்ச் இங்கே வரிசை முறை கூட வைக்கவில்லை. ஆணையத்தை முற்றாக விலக்கிவிட்டது. என் கருத்தில் இதுதான் தீர்ப்பின் பலவீனமான இடம். 3(5) பேசுவது போட்டிக்கு எதிரான ஒப்பந்தங்களை மட்டும். ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவது பற்றிய 4-ஆம் பிரிவில் அப்படி ஒரு விலக்கு எழுதப்படவே இல்லை. எழுதப்படாத விலக்கை 3(5)-இலிருந்து எடுத்து 4-க்கும் நீட்டியது அதிகம்.

நிவாரணத்திலும் பெரிய ஓட்டை இருக்கிறது. 16-ஆம் அத்தியாயத்தில் முடிவெடுக்கும் பேட்டண்ட் அலுவலக அதிகாரியான கன்ட்ரோலர் உரிமம் கொடுக்கலாம், அதற்கு நிபந்தனை வைக்கலாம். ஆணையத்தைப் போல விற்றுமுதலில் 10 சதவீதம் வரை அபராதம் போடவோ, சந்தை முழுக்க இந்த நடத்தையை நிறுத்து என்று உத்தரவிடவோ 16-ஆம் அத்தியாயத்தில் இடமில்லை. விண்ணப்பித்தவருக்கு மருந்து கிடைக்கும். விண்ணப்பிக்காத மற்றவர்கள் அப்படியேதான் கிடப்பார்கள்.

அதே வழக்கறிஞர்: டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு நம்மைக் கட்டுமா? மதுரைக் கிளையில் ரிட் போட்டு வேறு மாதிரி வாதாட முடியாதா?

பதில்: வாதாட முடியும். இன்னொரு உயர் நீதிமன்றத் தீர்ப்பு மதுரைக் கிளைக்கு வழிகாட்டிதான், கட்டளை அல்ல. ஆனால் நடைமுறையைப் பாருங்கள். ஆணையம் இருப்பது டெல்லியில், அந்த வழக்கில் அதுவே கட்சிக்காரர். தக்கலையிலிருந்து புகார் அனுப்பினாலும் கோப்பு போய்ச் சேருவது அங்கேதான், அவர்கள் இந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் மூடுவார்கள். மூடிய உத்தரவின் மேல்முறையீடு போகும் தேசிய கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் 2025 அக்டோபரில் இதே வழியில்தான் போயிருக்கிறது. அந்த வழக்கைக் கீழே ஆசாரிபள்ளத்துக் கேள்வியில் சொல்கிறேன். கட்சிக்காரரின் பணத்தையும் இரண்டு, மூன்று வருடத்தையும் இந்த வாதத்தில் செலவழிக்கும் முன் அவரிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

நாகர்கோவில், கல்லூரி ஆசிரியை: உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்துவிட்டது என்று மாணவிகளுக்குச் சொல்லலாமா?

பதில்: அப்படியே சொல்ல வேண்டாம். 2025 செப்டம்பரில் ஆணையத்தின் மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது உண்மை. அதற்குள் புகார் கொடுத்தவர்களும் எதிர்த்தரப்பும் சமரசம் ஆகியிருந்தார்கள். சிறப்பு அனுமதி மனு தொடக்கத்திலேயே தள்ளுபடியானால், கீழ் நீதிமன்றத்தின் காரணங்களை உச்ச நீதிமன்றம் தன்னுடையதாக ஏற்றதாக ஆகாது. குன்ஹயம்மது வழக்கில் 2000-ஆம் ஆண்டிலேயே இது சொல்லப்பட்டது. 'டெல்லி தீர்ப்பு இன்று நடப்பில் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் சட்டப் பிரச்சினையை அலசித் தீர்க்கவில்லை' என்று சொன்னால் சரியாக இருக்கும்.

மார்த்தாண்டம், ரப்பர் கையுறை யூனிட்: அண்ணாச்சி, லேட்டக்ஸ் கையுறைக்கு ஒரு கோட்டிங் முறை. பேட்டண்ட் வச்சிருக்க கம்பெனி லைசென்ஸ் தாறோம்னு ஒப்பந்தம் அனுப்பிருக்கு. அதுல, கெமிக்கல் எல்லாம் அவங்ககிட்டயே வாங்கணும், கூட வேற நாலு பேட்டண்டையும் சேர்த்து எடுக்கணும், நாங்க ஏதாவது மேம்படுத்தினா அதையும் அவங்களுக்கே குடுக்கணும்னு போட்டிருக்கு. சிசிஐக்கு எழுதலாம்னு இருந்தோம். இப்ப என்ன செய்ய?

பதில்: சிசிஐக்கு எழுதிக் காத்திருக்காதீர்கள். உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள மூன்றுக்கும் காப்புரிமைச் சட்டத்திலேயே நேரடி விடை இருக்கிறது.

முதலில் அந்தக் காப்புரிமை உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டண்ட் அலுவலக இணையதளத்தில் எண்ணைப் போட்டால் பதிவேடு திறக்கும். ஆயுள் 20 வருடம், விண்ணப்பித்த நாளிலிருந்து கணக்கு, வழங்கிய நாளிலிருந்து அல்ல. புதுப்பிப்புக் கட்டணம் கட்டாமல் விட்டால் அதற்கு முன்பே செத்துப்போகும். ஆனால் செத்தது என்று உடனே உற்பத்தியில் இறங்கிவிடாதீர்கள். 18 மாதத்துக்குள் மீட்டெடுக்க அவர்கள் விண்ணப்பிக்க முடியும். 'நாலு பேட்டண்ட்' என்கிறீர்களே, அந்த நான்கையும் தனித்தனியாகத் தேடுங்கள். ஒன்றிரண்டு காலாவதியானதாகவோ, இந்தியாவில் வழங்கப்படாத வெறும் விண்ணப்பமாகவோ இருப்பது அபூர்வமில்லை.

அடுத்து 140-ஆம் பிரிவு. காப்புரிமை பெற்ற பொருள் அல்லாத வேறு பொருளைத் தன்னிடமே வாங்க வேண்டும் என்ற நிபந்தனை செல்லாது. வேண்டாத காப்புரிமைகளைச் சேர்த்துக் கட்டித் தருவது, உங்கள் மேம்பாட்டைத் தங்களுக்கு மட்டுமே தரச் சொல்வது, காப்புரிமை செல்லுமா என்று கேள்வி கேட்கக் கூடாது என்பது ஆகியவையும் அதே பிரிவில் செல்லாதவை. உங்கள் கெமிக்கல் வெறும் சந்தைச் சரக்கா, அல்லது அதற்கே காப்புரிமை இருக்கிறதா? முடிவு இதில்தான் தொங்குகிறது. சல்ஃபர், துத்தநாக ஆக்சைடு மாதிரி எங்கும் கிடைக்கும் சரக்கு என்றால் நிபந்தனை விழும். கோட்டிங் கலவையே காப்புரிமை பெற்றது என்றால் விழாது. காப்புரிமை ஆவணத்தின் கடைசியில் இருக்கும் உரிமைக்கோரல் பகுதியை வரி வரியாகப் படித்தால் தெரிந்துவிடும்.

ஒரு விதிவிலக்கையும் மறக்காதீர்கள். காப்புரிமை பெற்ற இயந்திரத்தை வாடகைக்கோ உரிமத்திலோ தருபவர், அதன் ரிப்பேருக்கான புது உதிரிபாகத்தைத் தானே தருவேன் என்று வைத்தால் அது செல்லும். கையுறை அச்சை லேட்டக்ஸில் முக்கியெடுக்கும் டிப்பிங் லைன் இயந்திரமும் அவர்களுடையது என்றால் அந்த ஷரத்தை எதிர்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். செல்லாத நிபந்தனையைச் சிவப்பு மையில் அடித்து, பிரிவு எண்ணை ஓரத்தில் எழுதி, மாற்று வாசகத்தோடு பதிவுத் தபாலில் திருப்பி அனுப்புங்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களுக்கும் வழி உண்டு. உரிமம் வாங்கியவரே கட்டாய உரிமத்துக்கு (காப்புரிமைக்காரர் சம்மதிக்காவிட்டாலும் கன்ட்ரோலர் தரும் உரிமம்) விண்ணப்பிக்கலாம், 'நீதானே ஒப்புக்கொண்டாய்' என்று அவரை மடக்க முடியாது என்று 84(2) சொல்கிறது. அப்படிப்பட்ட செல்லாத நிபந்தனையுள்ள ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது அவர்களே மீறல் வழக்குப் போட்டால், அந்த நிபந்தனையைக் காட்டியே தற்காத்துக்கொள்ள 140(3) இடம் தருகிறது.

அதே யூனிட்: மாத்தி எழுதி அனுப்பியும் ஒத்துக்கலேன்னா? கட்டாய உரிமம்னு சொல்லுதிய, அது நம்ம மாதிரி சின்ன யூனிட்டுக்கு நடக்குமா?

பதில்: நடக்கும், ஆனால் பெரும்பாலான விண்ணப்பம் தோற்பது நியாயத்தில் அல்ல, தேதியிலும் தாளிலும்.

84-ஆம் பிரிவில் விண்ணப்பிக்க, காப்புரிமை வழங்கி மூன்று வருடம் முடிந்திருக்க வேண்டும். காரணம் மூன்றில் ஒன்று போதும்: மக்களின் நியாயமான தேவை நிறைவேறவில்லை, கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கவில்லை, இந்தியாவுக்குள் பயன்பாட்டுக்கு வரவில்லை. நியாயமான விதியில் உரிமம் தர மறுத்ததால் இங்குள்ள தொழில் பாதிக்கப்பட்டால், முதல் காரணம் நிறைவேறியதாகவே 84(7) எடுத்துக்கொள்ளும். மேலே சொன்ன சேர்த்துக் கட்டும் நிபந்தனைகளும் அதே பட்டியலில் இருக்கின்றன. உங்களுக்கு அதுதான் வலுவான பிடி.

விண்ணப்பிக்கும் முன் நீங்களே நேரடியாக உரிமம் கேட்டிருக்க வேண்டும். நியாயமான காலத்துக்குள் கிடைக்காமல் போயிருக்க வேண்டும். அந்தக் காலம் சாதாரணமாக ஆறு மாதத்துக்கு மிகாது. கேட்கும் கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'உரிமம் தர இயலுமா' என்று நாலு வரி எழுதினால் அது முயற்சி ஆகாது. காப்புரிமை எண், என்ன பொருள், வருடத்துக்கு எத்தனை ஜோடி, உங்களிடம் உள்ள டிப்பிங் லைன், எத்தனை சதவீத ராயல்டி தரத் தயார், எதன்மேல் அந்தச் சதவீதம், எத்தனை வருடத்துக்கு என்று எல்லாம் இருக்க வேண்டும். அவர்கள் கேள்வி கேட்டால் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத வேண்டும்.

நாட்கோ, பி.டி.ஆர். என்ற இரண்டு மருந்துக் கம்பெனிகளின் கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பேயர் கம்பெனியின் நெக்ஸவார் புற்றுநோய் மாத்திரைக்கு 2008 மார்ச்சில் காப்புரிமை கிடைத்தது. நாட்கோ 2010 டிசம்பரில் உரிமம் கேட்டு எழுதியது. அந்த மாதமே மறுப்பு வந்தது. மூன்று வருடம் முடிந்து, ஆறு மாதமும் தாண்டி, 2011 ஜூலையில் விண்ணப்பம் போட்டது. 2012 மார்ச் 9 அன்று உரிமம் கிடைத்தது. மாதம் 2,80,428 ரூபாயாக இருந்த மருந்து 8,880 ரூபாய்க்கு வந்தது. ராயல்டி முதலில் 6 சதவீதம், மேல்முறையீட்டில் 7. பி.டி.ஆர். கம்பெனியும் டாசாடினிப் மருந்துக்கு உரிமம் கேட்டு எழுதியது. எதிர்த்தரப்பு விளக்கம் கேட்டபோது பதில் சொல்லாமல் விட்டு, பிறகு நேரே விண்ணப்பம் போட்டது. உண்மையான முயற்சி எடுக்கவில்லை என்று 2013 அக்டோபரில் முதல் கட்டத்திலேயே நிராகரித்தார்கள். 84-ஆம் பிரிவில் இதுவரை வெற்றி பெற்றது நாட்கோ ஒன்றுதான் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

விண்ணப்பம் படிவம் 17-இல். குமரி மாவட்டம் சென்னை கிண்டி பேட்டண்ட் அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது. இணையவழியிலேயே போடலாம். கூடவே உறுதிமொழிப் பத்திரம், கடிதப் போக்குவரத்து முழுவதும், தபால் ரசீதுகள், உங்கள் உற்பத்தித் திறனுக்குச் சான்று. காப்புரிமைக்காரர் தாக்கல் செய்த படிவம் 27-ஐயும் பதிவிறக்கி இணையுங்கள். அந்தக் கண்டுபிடிப்பு இந்தியாவில் உண்மையில் பயன்பாட்டில் இருக்கிறதா என்று அவரே சொல்லும் அறிக்கை அது. 2024 விதித் திருத்தத்துக்குப் பிறகு மூன்று நிதியாண்டுக்கு ஒரு முறைதான் வரும், விவரமும் குறைந்துவிட்டது. அதனால் பழைய ஆண்டுகளின் படிவத்தையும் விடாமல் எடுங்கள்.

முகாந்திரம் இல்லை என்று அறிவிப்பு வந்தால் ஒரு மாதத்துக்குள் நேரடி விசாரணை கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அத்தோடு முடிந்தது. முகாந்திரம் உண்டு என்றால் பேட்டண்ட் அலுவலக இதழில் வெளியாகும். எதிர்த்தரப்புக்கு ஆட்சேபிக்க இரண்டு மாதம். கன்ட்ரோலர் முடிவின் மேல் உயர் நீதிமன்றத்துக்கு மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு.

நேரடியாக உரிமம் கேட்டிருக்க வேண்டும் என்ற அந்த நிபந்தனைக்கு ஒரு விலக்கு உண்டு. காப்புரிமைக்காரர் போட்டிக்கு எதிரான நடத்தையில் ஈடுபட்டது நிரூபணமானால் முன்முயற்சியைக் காட்டத் தேவையில்லை. முன்பு இதற்கு ஆணையத்தின் உத்தரவை வைத்துக் காட்டலாம் என்று எதிர்பார்த்தோம். இப்போது கன்ட்ரோலர் முன்னாலேயே நீங்கள் நிரூபிக்க வேண்டும். அது கடினம். அதை நம்பாமல் கடிதத்தை இன்றே அனுப்புங்கள்.

ஆசாரிபள்ளம், மருந்துக் கடை: ரத்தச்சோகைக்குப் போடுற இரும்புச்சத்து ஊசி, அந்த கார்பாக்ஸிமால்டோஸ் வகை, முன்னெல்லாம் ரொம்ப விலை. அது சம்பந்தமா ஒரு கேஸ் வந்ததா கேள்விப்பட்டேன். இந்தத் தீர்ப்போட தொடர்பு உண்டா?

பதில்: நேரடித் தொடர்பு. ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் காப்புரிமை விஃபோர் என்ற சுவிட்சர்லாந்து கம்பெனியிடம் இருந்தது. சில கம்பெனிகளுக்கு மட்டும் உரிமம் கொடுத்து விலையை உயரத்தில் வைத்தார்கள் என்று ஒருவர் ஆணையத்தில் புகார் கொடுத்தார். 2022 அக்டோபரில் ஆணையம், தவறு தெரியவில்லை என்று மூடியது. மேல்முறையீட்டில் தீர்ப்பாயம் 2025 அக்டோபரில் இன்னும் ஒரு படி மேலே போனது: டெல்லி தீர்ப்புப்படி ஆணையத்துக்கு இதில் அதிகாரமே இல்லை என்றது. காப்புரிமை 2023-லேயே முடிந்துவிட்டது, அதன்பின் வேறு கம்பெனிகளும் விற்கலாம். உங்கள் அலமாரியில் விலை இறங்கியிருந்தால் காரணம் காலாவதி, வழக்கு அல்ல.

தக்கலை, கார் ஒர்க் ஷாப்: கார் கம்பெனிக்காரங்க ஸ்பேர் பார்ட்ஸும் ஸ்கேனர் மென்பொருளும் வெளி ஒர்க் ஷாப்புக்குக் குடுக்க மாட்டேங்காங்க. 'எல்லாம் எங்க பேட்டண்ட்'ங்காங்க. இதுலயும் சிசிஐ போக முடியாதா?

பதில்: போகலாம், தயங்காதீர்கள். டெல்லி தீர்ப்பு காப்புரிமைக்காரர் காப்புரிமையைப் பயன்படுத்தும் விஷயம் மட்டும். மென்பொருள் பதிப்புரிமை, பம்பர் வடிவம் டிசைன் பதிவு, லோகோ வணிகக் குறி. இவற்றுக்கெல்லாம் அந்தத் தீர்ப்பை அப்படியே நீட்ட முடியாது. அதன் காரணம் முழுவதும் காப்புரிமைச் சட்டத்தின் 16-ஆம் அத்தியாயத்தில் நிற்கிறது. டிசைன் சட்டத்தில் அப்படி ஓர் அத்தியாயமே கிடையாது.

உங்கள் பிரச்சினையே ஏற்கெனவே ஆணையத்தில் வந்தது. 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544.65 கோடி ரூபாய் அபராதம் போட்டார்கள். அறிவுசார் சொத்துரிமை என்ற தற்காப்பை அங்கே கம்பெனிகள் வைத்தன, ஆணையம் ஏற்கவில்லை. யாராவது 'எங்கள் பேட்டண்ட்' என்றால் எந்த எண், எந்தப் பாகத்துக்கு என்று எழுத்தில் கேளுங்கள். எண் வராவிட்டால் அது உங்கள் புகாருக்குச் சான்று. புகார் கொடுக்கக் காலவரம்பு உண்டு: 2023 திருத்தத்துக்குப் பிறகு, காரணம் எழுந்த நாளிலிருந்து மூன்று வருடம்.

தோவாளை, விவசாயி: மான்சாண்டோ பேரும் இந்தத் தீர்ப்புல வருதே. நாங்க பருத்தி போடலை, நெல்லும் வாழையும்தான். விதை கம்பெனி நாளைக்கு எங்க மேலயும் பேட்டண்ட்னு வருவானா?

பதில்: நெல் விதைக்கோ வாழைக்கன்றுக்கோ நேரடியாகக் காப்புரிமை வாங்க முடியாது. செடி, விதை, ரகம் எல்லாம் காப்புரிமைக்கு வெளியே என்று காப்புரிமைச் சட்டத்தின் 3(ஜே) பிரிவு சொல்கிறது. மான்சாண்டோ வைத்திருந்தது பருத்திக்குள் புகுத்திய மரபணு வரிசை சம்பந்தப்பட்டது. விதைக் கம்பெனிகளிடம் அதற்கு வாங்கிய தொகைதான் தகராறு. அங்கே விலையைக் கீழே இறக்கியது ஆணையமும் இல்லை, பேட்டண்ட் அலுவலகமும் இல்லை. மத்திய அரசு 2015 டிசம்பரில் விலைக் கட்டுப்பாட்டு உத்தரவு போட்டு, 2016-இல் 450 கிராம் பாக்கெட்டுக்கு 800 ரூபாய், அதில் மரபணுவுக்கு 49 ரூபாய் என்று வரம்பு வைத்தது.

உங்களுக்குப் பொருந்துவது தாவர ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம். பதிவு பெற்ற ரகமாக இருந்தாலும் விளைந்ததிலிருந்து விதை எடுத்து வைக்கலாம், மறுபடி விதைக்கலாம், பக்கத்துக்காரருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். பிராண்ட் பெயர் போட்ட பாக்கெட்டாக விற்பது மட்டும் கூடாது.

இரணியல், தென்னை நார் யூனிட்: வெளியூர் கம்பெனி ஒண்ணு வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கு. நார் பிரிக்கிற மெஷின் அவங்க பேட்டண்டாம், 15 நாளுக்குள்ள நிறுத்தலேன்னா கேஸாம். பேட்டண்ட் எண்ணே போடலை. நாங்க ரொம்ப வருஷமா ஓட்டுற மெஷின்.

பதில்: பயந்து மெஷினை நிறுத்த வேண்டாம், நோட்டீஸைக் குப்பையில் போடவும் வேண்டாம். காப்புரிமை எண், உரிமைக்கோரலின் எந்தப் பத்தி உங்கள் மெஷினில் எந்தப் பாகத்தோடு மோதுகிறது என்ற விவரம் கேட்டு, கெடுவுக்குள் பதில் அனுப்புங்கள். வெறுமனே 'எங்களுக்குக் காப்புரிமை இருக்கிறது' என்று தெரிவிப்பது மிரட்டல் ஆகாது. வழக்குப் போடுவோம் என்று ஆதாரமில்லாமல் பயமுறுத்தினால் காப்புரிமைச் சட்டத்தின் 106-ஆம் பிரிவில் நீங்களே வழக்குப் போட்டு, தடையும் நஷ்டஈடும் கேட்கலாம்.

மெஷின் வாங்கிய பில், பட்டறையில் செய்த ரசீது, தேதி தெரியும் புகைப்படம், மின் இணைப்புக் காகிதம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேருங்கள். அவர்கள் விண்ணப்பித்த தேதிக்கு முன்பே அந்த முறை இங்கே வெளிப்படையாகப் பயன்பாட்டில் இருந்தது என்று காட்டினால் அந்தக் காப்புரிமையே ரத்தாகலாம். காப்புரிமை வழங்கியது வெளியாகி ஒரு வருடம் ஆகவில்லை என்றால் பேட்டண்ட் அலுவலகத்திலேயே எதிர்ப்பு மனு போடலாம், செலவு குறைவு. ஒரு வருடம் தாண்டிவிட்டால் ரத்து கேட்டு உயர் நீதிமன்றம் போக வேண்டும். அவர்கள் நாகர்கோவில் மாவட்ட நீதிமன்றத்தில் மீறல் வழக்குப் போட்டு, நீங்கள் அங்கே ரத்து கேட்டு எதிர்க்கோரிக்கை வைத்தால், 104-ஆம் பிரிவுப்படி மொத்த வழக்கும் உயர் நீதிமன்றத்துக்கு மாறும். போக்குவரத்துச் செலவையும் வக்கீல் கட்டணத்தையும் கணக்குப் பார்த்துவிட்டு அந்தக் கோரிக்கையை வையுங்கள்.